கதவில் முளைத்த கணு

ஒட்டுப்பலகையில் கணு முளைக்குமா என்பது மேஸ்திரிக்குப் பன்னிரண்டு வருஷச் சந்தேகம். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத சந்தேகம்.

மரத்தில் கிளை இருந்த இடத்தில் கருஞ்சுழியாக ஒன்று விழுமே, அதுதான் கணு. மரத்தில் அது இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் மேஸ்திரி வீட்டு வாசல் கதவு மரமில்லை. மெல்லிய ஒட்டுப்பலகை, அதன்மேல் தேக்கு மாதிரி வரிவரியாகச் சாயம். வரைந்தவர் அவரேதான். வரைந்தபோது கணு எதுவும் வைக்கவில்லை. கதவு மாட்டி ஏழாம் வருஷம், மழை ஓய்ந்த ஒரு காலையில் பார்த்தால், தாழ்ப்பாளுக்கு ஒரு சாண் கீழே ஒரு கணு இருந்தது. மூன்று வருஷம் கழித்து இன்னொன்று. போன மழைக்கு மூன்றாவது. முதலாவது வளர்கிறதா என்று வீட்டில் யாரும் இல்லாதபோது நூல் வைத்து அளந்து பார்த்தார். வளரவில்லை. பிறக்கும்போதே வளர்ந்து முடித்த கணு போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

ஏன் கேட்க முடியாது என்றால், கேட்டால் அது ஒட்டுப்பலகை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் மனைவிக்கு அது தேக்கு.

மேஸ்திரியின் தொழில் சினிமாவுக்கு செட் போடுவது. கோர்ட்டு, ஜெயில், அரண்மனை, ஆஸ்பத்திரி, எதைச் சொன்னாலும் பத்து நாளில் எழுப்புவார். படப்பிடிப்பு முடிந்ததும் செட்டை உடைத்து, ஸ்டூடியோவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் போட்டுக் கொளுத்துவது வழக்கம். தெர்மாகோல் எரிகிற கரும்புகை மூன்று தெருவுக்குப் போய்க் கொடியில் காயும் வெள்ளைத் துணியைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு வரும். மேஸ்திரிக்குக் கொளுத்துவதில் ஒரு சங்கடம். ஆணி பிடுங்காமல் அவரால் ஒரு பலகையை விட முடியாது. ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்து நிமிர்த்தி, டப்பாவில் போட்டால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். அவருடைய டப்பாவில் இருந்த சில ஆணிகள் பதினாறு அரண்மனை பார்த்தவை. ஆணி எல்லாம் போன பிறகு பலகை முழுசாக இருக்கும். முழுசாக இருக்கிற பலகையைக் கொளுத்த மனசு வராது. வாட்ச்மேனிடம் ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

இப்படியாக, கோர்ட்டின் சாட்சிக் கூண்டு அவர் வீட்டுக் குளியலறைத் தடுப்பானது. ஜெயில் கம்பி துணி காயப்போட. சிம்மாசனத்தின் மேல்பாதி சமையலறையில் தட்டு அடுக்க, கீழ்பாதி கேஸ் சிலிண்டர் வைக்க. அரண்மனைத் தூண் ஒன்றுக்குள் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கியது. ஒரு கப்பலின் வட்ட ஜன்னல் வழியாகத்தான் அந்த வீட்டில் பால் வாங்குவார்கள்.

கல்யாணமான புதிதில் இதையெல்லாம் பார்த்த மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. "உள்ள என்ன வேணா வச்சுக்கங்க. வாசலுக்கு மட்டும் ஒரு நிஜக் கதவு வாங்கிப் போடுங்க. வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கே நம்பிக்கை வரணும்ல."

அடுத்த வாரமே கதவு வந்தது. "தேக்கு. சொல்லிவச்சு வாங்கினேன்" என்றார் மேஸ்திரி. பத்தொன்பது வருஷமாக அந்த அம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துணியால் துடைத்துவருகிறாள்.

இதில் இன்னொரு விவகாரமும் உண்டு. அது சாதாரண செட் கதவுகூட இல்லை, உடைக்கிற கதவு. கதாநாயகன் ஒரே உதையில் இரண்டாகப் பிளக்க வேண்டும் என்பதற்காக, பின்பக்கம் மூலைக்கு மூலை வாள் போட்டு, அதாவது ரம்பத்தால் பாதி ஆழம் அறுத்து, வைத்த கதவு. இரண்டு செய்திருந்தார். முதல் கதவு முதல் உதையிலேயே உடைந்துவிட்டது. இரண்டாவதை யாரும் உதைக்கவில்லை. அதுதான் வாசலில்.

கதவு விஷயத்தில் இருவரும் கறாராக இருந்தார்கள். "மெதுவா தள்ளுங்க, பாலிஷ் போயிடும்" என்பார் மேஸ்திரி. "தாழ்ப்பாள மெதுவா போடுங்க" என்பாள் மனைவி. அதிகம் திட்டு வாங்கியவன் அவள் தம்பி. ஸ்டூடியோவுக்கு டெம்போ ஓட்டுபவன். வரும்போதெல்லாம் இரண்டு கையிலும் எதையாவது சுமந்துகொண்டு, காலால் கதவைத் திறக்கப் பார்ப்பான். "டேய், கையால திறடா!" என்று உள்ளேயிருந்து இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வரும்.

அந்த மழைக்காலத்தில் சேதி கொண்டுவந்ததும் அவன்தான்.

"மாமா, ஒரு அம்மா வந்திருக்கு ஸ்டூடியோவுக்கு. சுத்துச்சூழல் பாக்கற வேலையாம், பச்சை மேடம்னு பேரு வச்சிருக்கானுங்க. கொண்டுவர தண்ணி பாட்டில்லேருந்து கொளுத்துற கட்டை வரைக்கும் எல்லாத்துக்கும் அது ரூல் போடுது. வாட்ச்மேன்கிட்ட உங்க சீட்டு எல்லாத்தையும் வாங்கி வச்சிருக்கு. பத்தொன்பது வருஷச் சீட்டு. மொத்தம் முப்பத்தோரு சாமானாம். நாளன்னைக்குக் காலையில உங்க வீட்டுக்கு வருது."

"எதுக்குடா?"

"எதுக்குன்னு சொல்லல. சாமானெல்லாம் எங்க இருக்குன்னு பாக்கணுமாம்."

மேஸ்திரி கையிலிருந்த டீயை வைத்தார். "திருட்டுக் கேஸா?"

"சீட்டு போட்டுத்தானே எடுத்தீங்க? அப்புறம் என்ன திருட்டு?" என்றாள் மனைவி.

"சீட்டுல நான்தானே கையெழுத்துப் போட்டேன்? கம்பெனிக்காரன் யாராவது போட்டானா?"

"அக்கா, அந்த அம்மா எதையும் நம்பாதாம். எல்லாத்தையும் விரலால தட்டிப் பாக்குமாம். கேமரா ஸ்டாண்டையே தட்டிப் பாத்துச்சுன்னா பாத்துக்க."

வேறு குடும்பமாக இருந்தால் சாமானை எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்து வைத்திருப்பார்கள். இது செட் போடுகிற குடும்பம். மேஸ்திரி வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ரெண்டு நாள் இருக்கு. இதைச் சாதாரண வீடா செட் போட்டுடலாம்."

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்று பேரும் இறங்கினார்கள். மனைவி சுவரில் பூசும் பட்டி குழைத்தாள், தம்பி உப்புத்தாள் தேய்த்தான், மேஸ்திரி தூரிகை பிடித்தார். சாயம் காயாமல் அடம் பிடித்தபோது டேபிள் ஃபேனை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சிம்மாசனத்தின் சிங்கத் தலைகள் பட்டிக்குள் மறைந்து சிமெண்ட் அலமாரியாயின. அரண்மனைத் தூணுக்குப் பாசி பிடித்த குழாய் வேஷம். சாட்சிக் கூண்டு, மலிவு விலை பிளாஸ்டிக் கதவு. ஜெயில் கம்பியில் துரு வரைந்தார். கப்பல் ஜன்னலைச் சதுரமாக்க ஒன்றரை நாள் ஆனது. சாப்பிட உட்காரவும் நேரமில்லை. அவித்த முட்டையை ஆளுக்கு ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

"வாடகை வீடு மாதிரி இருக்கணும்" என்றார் மேஸ்திரி. "சுவத்துல ஈரம் வேணும்."

"வெளிய இவ்வளவு மழை பெய்யுது. நம்ம வீட்டுல ஈரமே இல்ல, வரையணுமா?" என்றாள் மனைவி.

"நான் கட்டின வீடு. எப்படி ஒழுகும்?"

ஆகவே ஈரத்தை வரைந்தார். மேலே வெளிறிய மஞ்சள், கீழே வர வரக் கருப்பு, ஓரத்தில் பூஞ்சை. ஒரு விரிசல், ஒரு பழைய ஸ்விட்ச் போர்டு. அன்று சாயங்காலம் ஒரு தவளை வந்து அந்த ஈரத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டது. ஒரு பல்லி விரிசலுக்குள் போகப் பார்த்து, இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டு, அவமானத்தோடு திரும்பிப் போனது. மேஸ்திரிக்குத் திருப்தி.

வாசல் கதவை மட்டும் யாரும் தொடவில்லை. "அது நம்ம காசுல வாங்கினது. அதுக்கு என்ன பயம்?" என்றாள் மனைவி. மேஸ்திரி தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சொன்ன நாளில் பச்சை மேடம் வந்தது. முப்பது வயதுகூட இருக்காது. நனைந்த குடை, தோளில் எவர்சில்வர் பாட்டில், கையில் சீட்டுக் கட்டு. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுற்றிப் பார்த்தது. முகம் வாடிவிட்டது.

"மேஸ்திரி, ஸ்டூடியோவுலேருந்து கொண்டுவந்த சாமானெல்லாம் எங்க?"

"என்ன சாமான்மா? இங்க இருக்கறது எல்லாம் கடையில வாங்கினது. நான் குண்டூசிகூட அங்கேருந்து எடுத்ததில்ல."

"இந்தச் சீட்டு?"

"என் கையெழுத்து மாதிரிதான் இருக்கு. ஊர்ல எத்தனையோ கையெழுத்து."

அந்தப் பெண் நாற்காலியை ஈரச் சுவரிலிருந்து ஓரடி நகர்த்திப் போட்டு உட்கார்ந்தது. மூக்கைச் சுருக்கியது. பெருமூச்சு விட்டது.

"ரொம்ப ஆசையா வந்தேன் மேஸ்திரி. அடுத்த படத்துக்கு ஒரு தெருவே செட் போடணும். இது வரைக்கும் போட்ட செட்டை என்ன பண்ணோம்னு காட்டுறவங்களுக்குத்தான் வேலை குடுக்கணும்னு நான் ஒரு ரூல் வச்சேன். ஃபோம் வெட்டுற மெஷின் வச்சிருக்காரே ஒருத்தர், அவரு ஒரு கட்டு பேப்பர் காட்டினாரு. பேப்பர்ல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு, பள்ளத்துல போய்ப் பாத்தா கருப்பா இருக்கு. இந்த ஊர்ல எதையுமே கொளுத்தாத ஒரே ஆளு நீங்கதான்னு வாட்ச்மேன் சொன்னாரு. முப்பத்தொண்ணையும் கண்ணால பாத்து எழுதிட்டா வேலை உங்களுக்கு. ஒண்ணு குறைஞ்சாலும் எரிச்சதாத்தான் எழுதணும். இங்க ஒண்ணுகூட இல்ல."

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். மனைவி மேஸ்திரியைப் பார்த்தாள். தெரு ஒன்று முழுசாகப் போட்டால் ஒரு வருஷ வேலை. அது ஃபோம் மெஷின்காரனுக்குப் போனால், அப்புறம் எல்லாமே ஃபோம்தான், ஆணியும் வேண்டாம், மேஸ்திரியும் வேண்டாம்.

"மேடம், உட்காருங்க, போயிடாதீங்க" என்றார். "எல்லாம் இருக்கு. இங்கதான் இருக்கு."

"எங்க?"

"நீங்க சாஞ்சுடக் கூடாதுன்னு நகர்ந்தீங்களே, அந்த ஈரம். அது ஆஸ்பத்திரித் தடுப்பு. ஏழாம் நம்பர் சீட்டு."

பச்சை மேடம் எழுந்து சுவரைப் பார்த்தது. "என்ன மேஸ்திரி, இது நிஜ ஈரம். தவளை உட்காந்திருக்கு பாருங்க."

"அது ஏமாந்த தவளைம்மா."

"வேலை போயிடும்னு இப்படிச் சொல்றீங்க. எனக்குப் புரியுது." ஆறுதலாகச் சொல்லிவிட்டு, கிளம்பும்முன் அறை இருட்டாக இருக்கிறதே என்று ஸ்விட்சைப் போடப் போனது. விரல் சுவரில் வழுக்கியது. மறுபடி அழுத்தியது. அப்புறம் மெல்ல, விரலை மடக்கி, தட்டியது. டொக் என்றது.

"பட்டித் தகடு எங்கடி?" என்று கத்தினார் மேஸ்திரி.

பிறகு நடந்தது ஒரு விசித்திரமான காட்சி. இரண்டு நாளாக மூச்சு விடாமல் பூசியதை மேஸ்திரி மூச்சு விடாமல் சுரண்டினார். ஈரத்துக்கு அடியில் ஆஸ்பத்திரிப் பச்சை வந்தது. சிமெண்ட் அலமாரியிலிருந்து ஒரு சிங்கம் மூக்கை நீட்டியது. பச்சை மேடத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் சுரண்டாத இடங்களையும் அதுவே தட்டிப் பார்த்துக் கேட்டது.

"இது?"

"அது நிஜமா குழாய்தான். சுத்தி இருக்கற தூண்தான் சீட்டு நம்பர் பதினாலு."

"இந்தப் படி மேல எங்க போகுது?"

"எங்கயும் போகாது. படத்துலயும் போகல."

"இந்தத் தவளை?"

"அது எங்களது" என்றாள் மனைவி.

டீ வந்தது. பன் வந்தது. தம்பி சாயம் கழுவ மண்ணெண்ணெயும் இன்னொரு பை பன்னும் வாங்கக் கடைக்குப் போனான். சீட்டுகள் ஒவ்வொன்றாக டிக் ஆகின. இருபது, இருபத்தைந்து, முப்பது. பச்சை மேடம் கடைசிச் சீட்டைத் தூக்கிப் படித்தது.

"கதவு, உடைப்பதற்கு, இரண்டு. ஒன்று உடைந்தது. ஒன்று மேஸ்திரி கொண்டுபோனது. பத்தொன்பது வருஷம் முன்னாடி. இது ஒண்ணுதான் பாக்கி. இந்தக் கதவு எங்க?"

மழை அந்த நேரம் பார்த்து நின்றுபோனது. வீட்டில் டேபிள் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். "கதவா... கதவு ஞாபகம் இல்லையே."

"நல்லா யோசிங்க. இது ஒண்ணு இல்லேன்னா எரிச்சதாத்தான் எழுதணும்."

ஒரு பக்கம் ஒரு தெரு. மறு பக்கம் பத்தொன்பது வருஷ வெள்ளிக்கிழமைகள். மனைவி டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி பட்டித் தகட்டை வேட்டியில் துடைத்தார். மெல்ல எழுந்து வாசலுக்குப் போனார். கதவைச் சாத்தினார், மெதுவாக.

எங்கே சுரண்டுவது? யார் கண்ணிலும் படாத கீழ் மூலையில் சுரண்டலாம். ஆனால் கை தானாக முதல் கணுவுக்குப் போனது. எப்படியும் இன்றோடு மானம் போகப்போகிறது. போகிற போக்கில் பன்னிரண்டு வருஷச் சந்தேகமாவது தீரட்டும்.

சுரண்டினார். கணு உரிந்து தகட்டில் சுருண்டு வந்தது. மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். சாயம். கணு இருந்த இடத்தில், பலகையில் ஒரு சிறு பெயர்வு, அதைச் சுற்றி அவருடைய பழைய வரிகள். அவர் சீப்பு வைத்து இழுத்த வரிகள், அவருக்குத் தெரியாதா? ஆனால் மேலே இருந்த வரிகள் அவருடையவை இல்லை. தகட்டை இரண்டு விரல் தள்ளிச் சுரண்டினார். அங்கேயும் மேலே ஒரு கை, அடியில் அவர் கை. இன்னும் தள்ளி. அங்கேயும் அப்படியே. மேலே இருந்தது அவசரமில்லாத கை. தேக்கில் வரி ஓடும்போது நடுவில் ஒரு சோம்பல் வருமே, அது அவருக்கு எப்போதும் கைவராது. இதில் இருந்தது. இத்தனை வருஷமாகத் தன் வேலை என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தது முழுக்க வேறு யாருடைய வேலையோ.

"யாரு..." என்றார்.

"நான்தான்" என்றாள் மனைவி, டம்ளர் தட்டோடு.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"மாட்டின மறுநாளே. நீங்க வேலைக்குப் போயிட்டீங்க, காத்து அடிச்சது. கதவு கீலோட கழண்டு எதிர்வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. நான் போய் ஒரு கையில தூக்கிட்டு வந்து மாட்டினேன். தேக்குக் கதவை எவ ஒரு கையில தூக்குவா?"

"ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா பொய் சொன்னீங்க. எத்தனை நாள் தாங்கும்னு பாக்கலாம்னு விட்டேன். அப்புறம் சாயம் வெளுக்க ஆரம்பிச்சுது. வெளுத்தா உங்க முகம் வாடிப்போகும். வெள்ளிக்கிழமை துடைக்கறப்போ கொஞ்சம் கொஞ்சமா, உங்க டப்பா மூடியில ஒட்டியிருக்கற சாயத்தை வழிச்சு வரைஞ்சேன். புது டப்பா ஒண்ணுகூடத் தொடல. பெயர்ந்து போன இடம்லாம் வரியில மறையல. அங்கல்லாம் கணு வச்சேன்."

"மூணு கணு!"

"என் தம்பி மூணு தடவை உதைச்சான். பின்னாடி வாள் போட்டு வச்சிருக்கீங்களே, மெதுவா தாழ்ப்பாள் போட்டுப் போட்டு என் கை ஓய்ஞ்சு போச்சு." தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "ஒவ்வொரு கணு வச்சதும் இப்பக் கேப்பீங்க, அப்பக் கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க என்னடான்னா நூல் எடுத்து அளக்கறீங்க."

"பாத்தியா அதை?"

"கப்பல் ஜன்னல் எதுக்கு இருக்கு?"

பச்சை மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. கதவருகே வந்து, மிச்சமிருந்த இரண்டு கணுவையும் விரலால் தடவியது. தட்டிப் பார்க்கவில்லை. சீட்டில் டிக் போட்டது. முப்பத்தொன்று.

"ஃபார்ம்ல ஒரு கேள்வி இருக்கு. வேலை செஞ்சவர் யாருன்னு. யாரைப் போடறது?"

மேஸ்திரி வாய் திறப்பதற்குள் வெளியே டெம்போ வந்து நின்றது. படியில் காலடி. அந்தக் காலடியை அந்த வீட்டில் தெரியாதவர் இல்லை. ஒரு கையில் மண்ணெண்ணெய், இன்னொரு கையில் பன்.

"டேய், கையால..." என்று இரண்டு குரலும் ஒன்றாகக் கிளம்பின.

மூலைக்கு மூலை, நேர் கோடாக, ஒரே சத்தத்தில் கதவு இரண்டாகப் பிளந்தது. மேல்பாதி கீலில் நின்றது. கீழ்பாதி, மிச்சமிருந்த இரண்டு கணுவோடு, தரையில் அலுங்காமல் படுத்தது. ஒரு சில்லுகூடத் தெறிக்கவில்லை. வாசலில் ஒற்றைக் காலில் தம்பி.

மேஸ்திரி குனிந்து பிளவின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் முன்னால் போட்ட வாள், மழை, வெயில் எல்லாம் பார்த்து, இம்மிகூட விலகவில்லை.

"ஒரே டேக்" என்றார் மெதுவாக.

"நல்லா உடைஞ்சிருக்குங்க" என்று ஒப்புக்கொண்டாள் மனைவி.

"டிக் போட்டாச்சு" என்றது பச்சை மேடம் அவசரமாக. "உடையறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்."

மனைவி தட்டை வைத்துவிட்டுக் கீழ்பாதியைத் தூக்கி, ஒரு கையால்தான், மேல்பாதியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். மூலைக்கு மூலை ஓடிய பிளவைக் கண்ணால் அளந்தாள்.

"இதுக்குக் கணு பத்தாது. வேற ஏதாவதுதான் வரையணும்."

"என்ன வரைவே?" என்றார் மேஸ்திரி. பன்னிரண்டு வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவர் போல இருந்தது குரல்.

"பாருங்களேன்" என்றாள். மேஸ்திரி ஒரு காலி டப்பாவைத் தேடி எடுத்து, மூடியில் ஒட்டியிருந்த சாயத்தை நகத்தால் சுரண்டிப் பதம் பார்த்து, அவள் பக்கம் நீட்டினார்.